ட்ரேயில் தனித்தனி, தட்டில் ஒன்றாக

வணக்கம் அம்மா,

சென்ற வாரம் நண்பர்கள் ஐந்து பேரை வீட்டு விருந்துக்கு அழைத்திருந்தேன். இருவர் சைவம் என்பதால் விருந்து முழுவதையும் சைவமாகவே வைத்துக்கொண்டேன். தொடக்கத்தில் பரிமாற, ஓவனில் சுட்ட காய்களும் பழங்களும் கலந்த ஒரு ஸ்டார்ட்டர் செய்ய ஆசைப்பட்டேன். பீட்ரூட், கேரட், பேரிக்காய், திராட்சை நான்கையும் சிறுசிறு துண்டுகளாக்கி, எண்ணெய், உப்பு, தேன் விட்டுப் பிசறி, ஒரே ட்ரேயில் 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்தால் பேரிக்காய் கூழாகிவிட்டது. பீட்ரூட் வேகவே இல்லை. எல்லாம் ஒரே சிவப்பாக, நீர்விட்டுக் கிடந்தன. நண்பர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

என் தவறு எங்கே? பழத்தையும் காயையும் சேர்த்துச் சமைப்பதே சரியில்லை என்று ஒரு நண்பர் சொன்னார், அது உண்மையா? அடுத்த முறை பேரிக்காய்க்குப் பதில் அன்னாசியை வைத்து, கெட்டித் தயிரும் சீஸும் சேர்க்கலாமா? பார்க்கவும் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
சமையலுக்குப் புதியவன்

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு பொருட்களையும் மாற்ற வேண்டாம். மண்வாசம் உள்ள பீட்ரூட், இனிப்பான கேரட், மணமுள்ள பேரிக்காய், புளிப்பும் இனிப்புமான திராட்சை. இதைவிடப் பொருத்தமான கூட்டணி அமைவது கடினம். தவறியது ஒன்றே ஒன்று. இவை நான்கும் நான்கு விதமாக நீரை வைத்திருப்பவை. நீங்கள் அவற்றுக்கு ஒரே சூடும் ஒரே நேரமும் கொடுத்துவிட்டீர்கள்.

ஓவனுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். காய்த் துண்டின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனை 200இல் வைத்தாலும் சரி, 250இல் வைத்தாலும் சரி, ஈரம் முழுவதும் ஆவியாகிப் போன பிறகுதான் மேற்பரப்பு அதற்கு மேல் சூடேறும். நாம் விரும்பும் பொன்னிறமும் சுட்ட மணமும் ஏறக்குறைய 140 டிகிரியில்தான் விறுவிறுப்பாக வரத் தொடங்குகின்றன. காயில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து புதுப்புது மணங்களாக மாறும் இந்த நிகழ்வுக்கு மெய்லார்டு வினை என்று பெயர். 1912இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயர் அது. ட்ரேயில் துண்டுகளை நெருக்கியடித்துப் போட்டால் ஒன்றிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்தில் இருப்பதை நனைத்துக்கொண்டே இருக்கும். சுடுவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் அவித்திருக்கிறீர்கள். மென்மையான பேரிக்காய் கரைந்துபோனதும், இறுகிய பீட்ரூட் 40 நிமிடத்துக்குப் பிறகும் நறுக்கென்று நின்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கொடுத்ததால்தான்.

காது கொடுத்துக் கேட்டாலே இது தெரியும். ட்ரேயை உள்ளே வைத்த சில நிமிடங்களில் சளசளவென்று ஒரு சத்தம் எழும். அது நீரின் சத்தம். நேரம் ஆக ஆக அது மெலிந்து, இடையிடையே எண்ணெய் பொரியும் சின்னச் சத்தம் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் நிறம் ஏறத் தொடங்குகிறது. கடிகாரத்தைவிட அந்தச் சத்தத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். அளவெல்லாம் ஆறு பேருக்கு.

பீட்ரூட்டை முதல் நாளே முடித்துவிடலாம். நடுத்தர அளவில் நான்கு எடுத்துக் கழுவி, தோல் சீவாமல், முழுதாகவே அலுமினியத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கத்தி முனை தடையில்லாமல் நடுவரை இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கட்டைவிரலால் தோலைத் தள்ளிப் பாருங்கள். நனைந்த காகிதம்போல் வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே மினுமினுவென்று கருஞ்சிவப்பு தெரியும். முழுதாகச் சுடுவதால் சாறு உள்ளேயே தங்குகிறது. ஒவ்வொன்றையும் ஆறு கீற்றாக வெட்டி, சூடாக இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சிறிது உப்பும் விட்டுப் புரட்டி, தனிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள்.

இந்த வினிகரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பீட்ரூட்டின் மண்வாசத்துக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற சேர்மம். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் மணத்திலும் இதற்குப் பங்கு உண்டு. புளிப்புப் பட்டால் அது சிதைந்து மணமற்ற ஒன்றாக மாறிவிடும். பீட்ரூட் பிடிக்காது என்று சொல்பவர்கள் பலருக்கும் பிடிக்காதது உண்மையில் இந்த வாசம்தான். மேலும், அதன் சிவப்பு நிறமி நீரில் கரைவது. அதனால் மற்றவற்றோடு சேர்த்துக் கிளறவே கூடாது.

கேரட் எளிது. மூன்று கேரட்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, துணியால் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் மெல்லியதாகப் படியும்படி தடவுங்கள். ஓவனுக்குள் போவதற்குச் சற்று முன்புதான் உப்பு. முன்கூட்டியே போட்டால் அது நீரை வெளியே இழுத்துவிடும். துண்டுகளுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு 220 டிகிரியில் 25 நிமிடம். பாதியில் ஒருமுறை கதவைத் திறந்து திருப்பிப் போட்டால், தேங்கிய ஆவியும் வெளியேறும். காற்றாடி உள்ள ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். தேன் வேண்டவே வேண்டாம். இந்தச் சூட்டில் காய் வேகும் முன்பே தேன் கருகிக் கசக்கும்.

திராட்சையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தத் தட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. விதையில்லாத கறுப்புத் திராட்சை 200 கிராம், ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. விளிம்பு உள்ள சிறிய ட்ரேயில், அதே 220 டிகிரியில் 15 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பழங்கள் உப்பித் தோல் இறுகி நிற்கும். பிறகு ஒவ்வொன்றாகக் காம்பு இருந்த இடத்தில் பிளந்து, ஒரு சொட்டுச் சாறு வெளியே வரும். அது ட்ரேயில் பட்டுக் கொதித்து, சுருங்கி, கருநீலப் பாகாக ஓடும். அந்தப் பாகுதான் உங்களுக்கான சாஸ். ட்ரே சூடாக இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி வினிகரும் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் விட்டு, ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிக் கலக்குங்கள். கடையில் வாங்கும் எந்தச் சாஸும் இதன் பக்கத்தில் நிற்காது.

பேரிக்காய் கடைசி. மூன்று எடுத்து, தோலோடு ஆறு கீற்றாக வெட்டி, விதைப்பகுதியை நீக்கி, வெட்டிய முகம் ட்ரேயில் படும்படி படுக்கவைத்து 12 நிமிடம் போதும். ட்ரேயை முன்பே ஓவனில் வைத்துச் சூடாக்கியிருந்தால், பழத்தை வைத்த நொடியிலேயே அடிப்பக்கம் சிவக்கத் தொடங்கும். மேல்பக்கம் வெளிறியே இருக்கட்டும். ஒரு முகம் சுட்டும் மறுமுகம் கிட்டத்தட்டப் பச்சையாகவும் இருப்பதுதான் இதன் ருசி.

உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். காய் வேறு, பழம் வேறு என்ற பிரிவை வகுத்தது சமையலறை. தாவரவியலில், பூவின் சூலகத்திலிருந்து வளர்ந்து விதையைத் தாங்குவது எதுவோ அதுதான் பழம். அந்தக் கணக்கில் கத்தரிக்காயும் பூசணியும் குடைமிளகாயும் பழங்களே. தக்காளி பழமா காயா என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி, பழத்துக்கு வரி இல்லை என்பதுதான் வழக்கின் காரணம். தாவரவியல்படி பழம் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், மக்கள் அதைச் சாப்பாட்டோடு காய்கறியாகவே உண்கிறார்கள் என்பதால் 1893இல் காய்கறி என்றே தீர்ப்பளித்தது. ஆகவே சேர்க்கலாமா கூடாதா என்பதை நாக்கிடம் கேளுங்கள். நெருப்பில் காயின் இனிப்பு மேலோங்கி வரும். அதற்கு எதிரில் ஒரு புளிப்பு இல்லாவிட்டால் இரண்டு வாயிலேயே திகட்டிவிடும். அந்தப் புளிப்பைப் பழம் கொண்டுவருகிறது.

அன்னாசி நல்ல யோசனை, ஆனால் பச்சையாக வைக்காதீர்கள். அதில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். தயிரோடு சேர்ந்து சிறிது நேரம் இருந்தாலே பால்புரதம் சிதைந்து கசப்பேறும், தயிரும் இளகிவிடும். நன்றாகச் சூடேறினால் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே முழுவதும் சூடேறச் சுட்ட அன்னாசியைத் தாராளமாகத் தயிரோடு வைக்கலாம். பப்பாளி, கிவி, பச்சை அத்திப்பழம் ஆகியவற்றிலும் இதுபோன்ற நொதிகள் உண்டு.

சீஸ் விஷயத்தில் ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பிறந்ததிலிருந்து அசைவம் தொடாத ஒரு பெரியவருக்கு இதேபோன்ற தட்டின் மேல் பார்மெசான் சீவிப் பரிமாறினேன். அவர் ரசித்துச் சாப்பிட்டார். பிறகுதான் தெரிந்துகொண்டேன், இத்தாலியில் மரபு முறைப்படி செய்யப்படும் அந்தச் சீஸுக்குப் பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். விதிப்படியே அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அவரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார், எனக்குத்தான் மனம் ஆறவில்லை. சைவம் உண்பவர் நம் தட்டை நம்பிக் கை வைக்கிறார். உறையில் சைவ ரென்னெட் என்றோ, நுண்ணுயிர் ரென்னெட் என்றோ தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் வடிகட்டிய தயிரே போதும். அரை கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வடியவிடுங்கள். காலையில் கரண்டியில் எடுத்தால் சரியாமல் நிற்கும். உப்பும் துளி ஆரஞ்சுத் தோல் துருவலும் கலந்தால் சீஸை யாரும் தேட மாட்டார்கள்.

நேர்த்தி கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த நேர்த்தி, ஒவ்வொரு துண்டும் தன் முகத்தோடு தட்டில் இருப்பதுதான். இப்படித் தனித்தனியாகச் சுட்டால், அதில் முக்கால்வாசி வேலையை ஓவனிலேயே செய்துவிடுவீர்கள். சிறிய சதுரங்களாக நறுக்கியதை இனிச் செய்யாதீர்கள், கேரட் கேரட்டாகவும் பேரிக்காய் பேரிக்காயாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளைத் தட்டில் இரண்டு கரண்டி தயிரை நடுவிலிருந்து சற்று ஒதுக்கி வைத்து, கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பாக இழுங்கள். அதன் மேல் இரண்டு கேரட், சுட்ட முகம் மேலே தெரியும்படி சாய்த்த மூன்று பேரிக்காய்க் கீற்று, ஐந்தாறு திராட்சை. பீட்ரூட்டைச் சாறு வடித்துவிட்டுக் கடைசியாக நான்கு துண்டு, தயிரைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். விருந்தினர் முதல் வாயில் தானே இழுத்துக் கலக்கட்டும், அப்போது தயிரில் ஓடும் அந்தச் சிவப்புக் கோடு அழகு. மேலே வறுத்து உடைத்த வால்நட் கொஞ்சம், நான்கு புதினா இலை, திராட்சைப் பாகு ஒரு கரண்டி. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். ஸ்டார்ட்டர் பசியைக் கிளப்ப வேண்டியது, அடக்க வேண்டியது அன்று.

இளஞ்சூட்டில் பரிமாறுங்கள். குளிர்ந்துபோனால் இனிப்பு நாவில் மங்கிவிடும். கேரட்டும் திராட்சையும் அரை மணி நேரம் காத்திருக்கும், பேரிக்காய் காத்திருக்காது. விருந்தினர் வந்து அமர்ந்த பிறகே அதை உள்ளே வையுங்கள்.

அடுத்த விருந்து எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. எப்போதானாலும் பேரிக்காயை நான்கு நாள் முன்பே வாங்கி, வெளியில் வைத்துத் தினமும் காம்பின் அடியில் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும். நடுப்பகுதி விரலுக்கு அமுங்கினால் உள்ளே குழைந்துவிட்டது, ஓவனுக்கு ஆகாது. கழுத்து மட்டும் இலேசாக இளகத் தொடங்கும் நாள் ஒன்று வரும். அன்று அதைக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்துவிடுங்கள், விருந்து நாள் வரை அந்தப் பதத்திலேயே நிற்கும்.

அன்புடன்,
அம்மா