கரையைக் கடக்கும் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: தங்கை குடும்பம் புதிதாக ஃபுளோரிடாவுக்குக் குடிபோயிருக்கிறது. அங்கே ஹரிகேன் வரும்போது அது கரையைக் கடப்பது, கடல் ஊருக்குள் வருவது, டொர்னாடோ இதையெல்லாம் உடனுக்குடன் எங்கே, எப்படிப் பார்ப்பது?

பதில்:

நான் குடும்பத்தோடு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் டாம்பா பக்கம் இருக்கிறேன். புயல் என்றால் ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி “கரையைக் கடந்துவிட்டதா?” என்பதுதான். அக்கறையில் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் தங்கைக்கு வரும் ஆபத்து வேறு பக்கமாக வந்துவிடலாம். காற்று, கடல், டொர்னாடோ (தரையைத் தொட்டு ஓடும் சுழல்காற்று) மூன்றும் ஒரே புயலிலிருந்து வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு, நேரம் வேறு, பார்க்க வேண்டிய பக்கமும் வேறு. 2024 அக்டோபர் 9 அன்று வந்த மில்டன் என்ற ஹரிகேனை வைத்தே சொல்கிறேன். அந்த ஒரு நாளில் மூன்றும் நடந்தன.

முதலில் அடிப்படை. மியாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம்தான் புயல் நிலவரத்துக்கெல்லாம் மூலம். டிவியும் யூடியூப்பும் அங்கிருந்து எடுத்துத்தான் சொல்கின்றன. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை வரும். கோடைகால நேரப்படி அங்கே காலை 5, 11, மாலை 5, இரவு 11. நம் ஊர்க் கணக்கில் மதியம் 2.30, இரவு 8.30, அதிகாலை 2.30, காலை 8.30. கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் நடுவில் 3 மணி நேரத்துக்கு ஒன்று கூடுதலாக வரும். கரையை நெருங்கிய பிறகு மணிக்கு ஒருமுறை புயல் மையம் எங்கே இருக்கிறது என்று சின்னக் குறிப்பு போடுவார்கள். இவ்வளவு இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் “கடைசி நிலவரம்” எதையும் நம்ப வேண்டியதில்லை. புயலன்று பரவும் வீடியோக்களில் பல பழைய புயல்களுடையவை.

அந்த அறிக்கையோடு வரும் வெள்ளைக் கூம்புப் படத்தை எல்லோரும் பகிர்வார்கள். அது மையம் எந்த வழியாகப் போகக்கூடும் என்பதை மட்டும்தான் காட்டுகிறது. தேர் எந்தத் தெரு வழியாக வரும் என்று சொல்வது மாதிரி. தேர் எவ்வளவு அகலம், எந்த வீட்டுத் திண்ணையை இடிக்கும் என்று அதில் இருக்காது. மையம் கூம்புக்கு வெளியே போவதும் நடக்கும்: மூன்றில் ஒரு பங்கு தடவைகள் போகும் என்ற கணக்கில்தான் அதை வரைகிறார்கள். அதனால் கூம்பைப் பார்த்துவிட்டு, உங்கள் தங்கை இருக்கும் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயருக்கு என்ன எச்சரிக்கை இருக்கிறது என்று உடனே பாருங்கள். ஊர்ப் பெயரைவிடக் கவுன்ட்டிப் பெயர் முக்கியம். அதைத் தங்கையிடம் கேட்டு இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் கடலில் இருக்கும்போது அதன் பலம் எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமானப்படை ரிசர்வின் விமானங்கள் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சியிலிருந்து கிளம்பி நேராகப் புயலின் கண்ணுக்குள் போகின்றன. கடலையும் வானிலையையும் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நோவாவின் விமானங்களும் போகும். உள்ளே போய் டிராப்சோண்ட் என்ற கருவியைக் கீழே போடுவார்கள். அது கடலைத் தொடும்வரை காற்று, அழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே விழும். டிராபிகல் டிட்பிட்ஸ் என்ற தளத்தில் இந்தத் தகவல் வர வர வரைபடமாகப் பார்க்கலாம். அக்டோபர் 7 அன்று நான் அதைத்தான் திறந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை விமானம் கண்ணுக்குள் போய் வரும்போதும் அழுத்தம் இன்னும் இறங்கியிருந்தது. அழுத்தம் இறங்க இறங்கப் புயலின் பலம் கூடுகிறது என்று பொருள். மியாமி டிவியின் மூத்த வானிலையாளர் ஜான் மொராலஸ், 10 மணி நேரத்தில் 50 மில்லிபார் இறங்கிவிட்டது என்று நேரலையில் சொல்லும்போது குரல் உடைந்து அழுதார். அன்று மாலைக்குள் அழுத்தம் 900 மில்லிபாருக்கும் கீழே. இங்கே பல வீடுகளில் மூட்டை கட்ட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இப்போது கடல். கடல்நீர் பொங்கி ஊருக்குள் ஏறி வருவதை இங்கே தமிழர்களும் ‘சர்ஜ்’ என்றுதான் சொல்கிறோம். ஹரிகேனில் ஒரேயடியாகப் பலர் உயிரைக் குடிக்கக்கூடியது இது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஏ, பி, சி மண்டலங்களும் தண்ணீரை வைத்துத்தான் பிரிக்கப்பட்டவை. மில்டனுக்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 26 அன்று ஹெலீன் இங்கிருந்து வெகுதூரம் வடக்கே பெர்ரி என்ற ஊர்ப் பக்கம்தான் கரையேறியது. ஆனாலும் டாம்பா விரிகுடாவைச் சுற்றி வீடுகளுக்குள் கடல் வந்தது. நனைந்த மெத்தை, சோஃபா, சுவரிலிருந்து பெயர்த்த பலகை என்று தெருவோரம் குவித்து வைத்திருந்ததை அள்ளி முடிப்பதற்குள் மில்டன் வந்துவிட்டது.

மில்டனுக்கு முன்னறிவிப்பு என்ன தெரியுமா? டாம்பா விரிகுடாவில் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை தண்ணீர் வரலாம் என்று ஒரு கட்டத்தில் சொன்னார்கள். ஆனால் இரவு சுமார் 8.30 மணிக்கு மையம் சரசோட்டா பக்கத்தில் சியெஸ்டா கீ தீவில் கரையேறியது. டாம்பாவுக்குத் தெற்கே சுமார் 75 கிலோமீட்டர். அந்த வித்தியாசம் எங்கள் தலையெழுத்தை மாற்றிவிட்டது. வட அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் மையத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே இருப்பவர்களுக்குத் தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் வெனிஸ், மனசோட்டா கீ பக்கம் கடல் ஏறியது. டாம்பாவில் விரிகுடாத் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு அடி மணல் தெரிந்தது. 2022இல் இயன் வந்தபோதும் இங்கே இப்படித்தான் ஆனது. வற்றிய விரிகுடாவில் யாரும் இறங்கி நடக்கக் கூடாது. காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும்.

இதை நேரலையில் பார்க்க நோவாவின் ‘டைட்ஸ் அண்ட் கரண்ட்ஸ்’ தளத்தைவிட நல்லது எதுவும் இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கிளியர்வாட்டர் பீச், நேபிள்ஸ், சீடர் கீ என்று கரை முழுக்க அளவுமானிகள் இருக்கின்றன. 6 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு வரும். படத்தில் நீலக் கோடு வழக்கமான ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது. சிவப்புக் கோடு உண்மையில் இருக்கும் அளவு. இரண்டுக்கும் நடுவில் விரியும் இடைவெளிதான் சர்ஜ். மில்டன் இரவில் இங்குள்ள அளவுமானியில் சிவப்புக் கோடு நீலத்துக்குக் கீழே கீழே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. டிவி அப்போதும் 10 அடி என்றே பேசிக்கொண்டிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். முன்னறிவிப்பில் சொல்லும் அடிக்கணக்கு தரைக்கு மேல். அளவுமானி வழக்கமாகக் காட்டுவது சராசரித் தாழ்ஓதத்துக்கு மேல். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பயமும் தப்பாகும், தைரியமும் தப்பாகும். அளவுமானிப் பக்கத்திலேயே அடிப்படையை உயர்ஓதத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் கரையோரத் தரைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கிட்டத்தட்டப் பொருந்திவரும்.

டொர்னாடோவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து பார்ப்பவர்கள் இதை நினைப்பதே இல்லை. மில்டன் சமயத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் டாம்பாவிலிருந்து கிளம்பி கிழக்குக் கரையில் வெலிங்டன் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனது. சரியான முடிவுதான், கரையேறப் போவது மேற்கில், இவர்கள் கிழக்கில். புதன்கிழமை மாலை, புயல் இன்னும் கடலில் இருக்கும்போதே எல்லோருடைய போனும் ஒன்றாக அலறியது. டொர்னாடோ வார்னிங். குழந்தைகளையும் பாட்டியையும் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் அழைத்துப் போய், மெத்தையை மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டொர்னாடோ சில தெருக்கள் தள்ளிப் போனது. அன்று வெலிங்டனைத் தாக்கியது ஈஎஃப்3 வகை, அதாவது 0 முதல் 5 வரை போகும் டொர்னாடோ அளவுகோலில் 3.

ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் ஸ்பானிஷ் லேக்ஸ் என்ற முதியோர் குடியிருப்பில் 6 பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் இலகுவான வீடுகள். அந்த இடம் சியெஸ்டா கீயிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். மையம் கரையேறுவதற்குச் சில மணி நேரம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று ஒரே நாளில் ஃபுளோரிடாவில் 126 டொர்னாடோ வார்னிங் கொடுத்தார்கள். 40க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் பிறகு உறுதியாயின. சாதாரணமாக ஹரிகேனோடு வரும் டொர்னாடோ சிறியது, மழைக்குள் மறைந்து வந்து நொடியில் போய்விடும். மில்டனுடையவை அமெரிக்காவின் நடுப் பகுதியில் வருவதைப் போல நீண்டு ஓடியவை.

டொர்னாடோ அறிவிப்பில் வாட்ச், வார்னிங் என்று இரண்டு உண்டு. வாட்ச் என்றால் வரக்கூடிய சூழ்நிலை இருக்கிறது என்று பொருள். மணிக்கணக்கில் நீடிக்கும், பல கவுன்ட்டிகளுக்குச் சேர்த்து வரும். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். வார்னிங் வரைபடத்தில் ஒரு கோணல் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் வீடு இருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த நேரத்தில் தங்கையைக் கூப்பிடவும் வேண்டாம். போனில் அரசு அவசர எச்சரிக்கையை யாராவது அணைத்து வைத்திருந்தால் சீசன் தொடங்கும் முன்பே போடச் சொல்லுங்கள்.

ரேடார் பார்க்கத் தெரிந்தால் நல்லது. ரேடார்ஸ்கோப் செயலியை இங்கே பலர் காசு கொடுத்து வைத்திருக்கிறார்கள். மழைப் படத்தை விட்டுவிட்டு வேகப் படத்துக்கு மாறுங்கள். ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போவது சிவப்பு. இரண்டும் சின்ன இடத்தில் ஒட்டிப் பிரகாசமாக நின்றால் அங்கே சுழற்சி. ஆனால் ஒரு சுற்று முடித்துப் படம் வர நிமிடங்கள் ஆகும். அதோடு ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி அதன் கதிர் தரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று யாரையும் குளியலறையிலிருந்து வெளியே வரச் சொல்லாதீர்கள்.

அப்புறம் மின்சாரம். மில்டனில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. வைஃபை போனதும் உங்களுக்குத் தங்கையின் செய்தி நிற்கும். அது ஆபத்தின் அறிகுறி அல்ல. யார், எப்போது, ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்புவது என்று முன்பே பேசி வையுங்கள். அவர்கள் வீட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு நோவா வானிலை ரேடியோ இருக்கட்டும்.

மையம் கரையைக் கடந்த பிறகும் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். கடல் வராமல் தப்பிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அன்று 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. ட்ரோபிகானா ஃபீல்டு மைதானத்தின் கூரை கிழிந்து பறந்ததும் அதே ஊரில்தான். பெய்த மழையெல்லாம் ஆற்றுக்கு வந்து சேர நாளாகும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அலஃபியா, வித்லகூச்சி ஆறுகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே தள்ளியிருந்த வீடுகளில் வெள்ளம் வந்தது அப்போதுதான். தேசிய வானிலைச் சேவையின் ஆற்று அளவுப் பக்கத்தில், தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆறு ஓடுகிறதோ அதன் பெயரைத் தேடுங்கள். அடுத்து வரும் நாட்களில் எந்தத் தேதியில் எவ்வளவு ஏறும் என்று அதில் முன்கூட்டியே போட்டிருப்பார்கள்.