நட்ட கன்றும் நடாத கன்றும்

வணக்கம் ஐயா. மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பெற்றோரும் மாணவர்களும் சேர்ந்து, சதுப்பு ஓரத்தில் 400 மகாங் மரக் கன்றும், கோயிலுக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிய மேட்டில் 200 காட்டு மரக் கன்றும் நட்டோம். பட்டுப்போன இடங்களில் போன வருடம் மறுபடி நட்டோம். இப்போது 540 நிற்கின்றன. பண உதவி செய்தவர்கள் அறிக்கை கேட்கிறார்கள். 90 சதவீத வெற்றி என்று எழுதலாமா? எனக்கு எழுதக் கை வரவில்லை.

அன்புள்ள டீச்சருக்கு,

அப்படி எழுத வேண்டாம். இந்த 540இல் போன வருடம் நட்டவை எத்தனை? அதைப் பிரிக்காவிட்டால் செத்த கன்றுகள் கணக்கிலேயே வராமல் போய்விடும். முதலில் நட்டதில் இன்று உயிரோடு இருப்பதைத் தனியாகவும், பிறகு சேர்த்ததைத் தனியாகவும் எழுதுங்கள். சதுப்பையும் மேட்டையும்கூடச் சேர்த்துக் கூட்டாதீர்கள். எண் சிறிதானால் ஆகட்டும்.

2021இல் 10 கோடி மரம் நடும் இயக்கம் இங்கே தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் நட்ட எண்ணிக்கையைச் சொல்வதோடு பேச்சு நின்றுவிடுவது எனக்கு வருத்தம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கடலோரச் சதுப்பு மரமான கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டது ஒரு காரணம், நட்ட பின் யாரும் திரும்பிப் பார்க்காதது இன்னொன்று.

உங்கள் சதுப்பில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். முழுதாக மட்காத செடிகொடிகள் சேர்ந்து உண்டான பீட் மண்ணில் அல்லூர், அதாவது வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டால் மண் காயும், மட்கிக் கரையும், தரை தாழும், கடைசியில் தீப்பிடிக்கும். நம் பக்கத்து ராஜா மூசா காட்டில் 2008 முதல் சீரமைப்பு நடக்கிறது. அங்கே கன்று நட்டதோடு நிற்கவில்லை, கால்வாய்களுக்குத் தடுப்பும் கட்டினார்கள். ஈரம் திரும்பிய இடங்களில் மகாங் தானாகவே முளைத்தது.

ஓட்டை போட்ட பிவிசி குழாய் மூன்றை மண்ணுக்குள் இறக்குங்கள். ஒன்று அல்லூருக்குப் பக்கத்தில், மற்றவை தள்ளித் தள்ளி. தரையிலிருந்து தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை மாணவர்கள் அளக்கட்டும். மழை குறையும் ஜூன், ஜூலை அளவுதான் முக்கியம். பீட் மண்ணில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக்கே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார்கள். காடு திரும்ப அது போதாது, தண்ணீர் தரையை ஒட்டி நிற்க வேண்டும். உங்கள் குழாயில் ஒரு மீட்டர் கீழே இறங்கினால், கன்று இன்று பச்சையாக இருந்தாலும் அந்த இடம் இன்னும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. என் அம்மா புல்வெட்டு வேலைக்குப் போன காலத்தில், அல்லூரில் நட்டிருந்த தண்ணீர் அளவுப் பலகையைப் பார்த்தே தீம்பாரில், அதாவது மரங்கள் நிற்கும் தோட்டப் பகுதியில், கால் புதையுமா என்று சொல்லிவிடுவார். தோட்டத்து ஆள்களுக்கு இந்த அளவு புதிதல்ல. பெரியவர்களையும் கூட்டிப் போங்கள்.

மேட்டுக்கு வேறு கணக்கு. லாலாங் வெயிலில் வாழும் புல், நிழல் விழுந்தால் ஒடுங்கும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று நாலு கட்டம் கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தரை நிழலில் இருக்கிறது, லாலாங் எவ்வளவு மிச்சம் என்று வருடா வருடம் அதே மாதத்தில் குறியுங்கள். அப்புறம், நீங்கள் நடாத கன்றுகளை எண்ணுங்கள். எனக்கு மிகவும் பிடித்த எண் அதுதான். பறவை எச்சத்தில் விதை விழுந்து நாட்டு மரம் முளைக்கிறது என்றால் அந்த மேடு தன் வேலையைத் தானே பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனால் முளைப்பதெல்லாம் நல்லதல்ல. வெளியிலிருந்து வந்து பரவும் அகேசியா மரம் முளைத்தால் தனியாக எழுதுங்கள், பிடுங்கியும் விடுங்கள்.

ஒப்பிட ஒரு இடம் வேண்டும். அழியாமல் நிற்கும் சதுப்புக்காட்டு ஓரத்தில் ஒரு குழாயை இறக்க வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். நடுவதற்கு முன் எதுவும் அளக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள். நட்ட அன்று பெற்றோர் கைப்பேசியில் எடுத்த படங்கள் இருக்குமே. அவற்றைச் சேகரித்து, அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள்.

அறிக்கையில் இப்போதைக்கு, 'இத்தனை கன்று உயிரோடு இருக்கின்றன, நிலம் தேறியதா என்று சொல்ல இன்னும் சில வருடம் அளக்க வேண்டும், அதற்குக் குழாயும் கயிறும் வாங்க உதவுங்கள்' என்று எழுதுங்கள். படித்துவிட்டு அவர்கள் கோபித்துக்கொண்டால் எனக்குச் சொல்லுங்கள், நானும் வந்து பேசுகிறேன். குழாய் இறக்கும் சனிக்கிழமை எது என்றும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.