பிடிஎஸ்எம் உறவில் மூட் வர என்ன இசை போடலாம், எவ்வளவு சத்தமாக?

கேள்வியில் நீங்கள் சொன்னது: துணையும் நீங்களும் சீனுக்கு, அதாவது கட்டுவது, அடிப்பது, கட்டளையிடுவது போன்ற பிடிஎஸ்எம் விளையாட்டுக்கு, முன்னால் பாட்டு போட்டுப் பார்த்தீர்கள், மூடுக்குப் பதில் சிரிப்புதான் வந்தது.

சிரிப்புக்குக் காரணம் அநேகமாகப் பாட்டின் வரிகள். புரிகிற மொழியில் வரி ஓடினால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும். சினிமாப் பாட்டென்றால் நடிகர், காட்சி, காலேஜ் பஸ் எல்லாம் கூடவே வந்து நிற்கும். வரியில்லாத இசைதான் சரி. வீணை, புல்லாங்குழல் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: கர்நாடக உருப்படிகளில் பெரும்பாலானவை பக்திப் பாடல்கள். வாத்தியத்தில் வாசித்தாலும் வரி தெரிந்தவர் மனதில் சாமி பெயர் ஓடும். வெறும் தம்புரா சுருதி, ஆலாபனை, பின்னணியாக மெல்ல ஓடும் அம்பியன்ட் இசை ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

இசைப் பட்டியலைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆஃப்டர்கேருக்கு, அதாவது சீன் முடிந்தபின் துணையை அரவணைத்துத் தேற்றும் நேரத்துக்கு, ஒரே ஒரு டிராக் முடிவு செய்து, அதை வேறு எதற்கும் போடாதீர்கள். பலமுறை பழகிவிட்டால், அது கேட்டதுமே சீன் முடிந்தது என்று சப்மிசிவின் (கட்டுப்பாட்டை விட்டுக்கொடுப்பவரின்) உடம்பு தளர ஆரம்பிக்கலாம். அடுத்து ஆரம்பம்: நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வேகத்தில் 10 நிமிடம். நடுப்பகுதிக்கு 90, 100 போதும். 45 நிமிட சீன் என்றால் பட்டியல் 70 நிமிடமாவது இருக்கட்டும். பாதியில் தீர்ந்தால் செயலி தன் இஷ்டத்துக்கு எதையாவது போடும். ஆட்டோபிளே, ஷஃபிள் இரண்டையும் அணையுங்கள். ஸ்பாட்டிஃபையில் கிராஸ்ஃபேடை (ஒரு டிராக் மங்கும்போதே அடுத்தது கலந்து எழும் வசதியை) 12 விநாடி வரை வைக்கலாம். டிராக்குகளுக்கு நடுவே வெட்டு தெரியாது.

அடி சம்பந்தப்பட்ட விளையாட்டில் தாளம் ஒரு பொறி. கை தன்னையறியாமல் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். இசை வேகம் பிடித்தால் அடியும் வேகம் பிடிக்கும், பலமும் கூடும். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் கோர்வை என்ற இறுதிக் கட்டத்தை நோக்கி ஏறுவது போன்ற எதையும் இங்கே வைக்காதீர்கள். வேகத்தை டாமினன்ட் (கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர்) முடிவு செய்யவேண்டும், துணையின் மூச்சைப் பார்த்து.

சத்தம் எவ்வளவு என்பதற்கு டெசிபல் மீட்டர் வேண்டாம். சப்மிசிவ் தலையணையில் முகம் புதைத்து, தூக்கக் கலக்கக் குரலில் சேஃப்வேர்டைச் (கேட்டதும் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டிய சொல்லை) சொல்லட்டும். அறையின் மறுகோடியில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் குறையுங்கள். ஃபேன், ஏசி ஓடும்போதே இதைச் சோதியுங்கள். பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கக்கூடாதென்று சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் நிறைய. இசையின் பேஸ் (தாழ்ந்த அதிர்வொலி) சுவரைத் தாண்டிப் போய் அக்கம்பக்கத்தைத்தான் எழுப்பும், உள்ளே சேஃப்வேர்டு மூழ்கிவிடும். வாயை மூடியிருந்தால் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, அது விழுந்தால் நிறுத்து என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மெத்தையில் விழும் பந்து இசைக்கு நடுவே கேட்காது. குலுக்கினால் ஒலிக்கும் சின்ன மணி அதைவிட நல்லது. மணியைப் பார்வையிலிருந்தும் விடாதீர்கள்.

சப்மிசிவின் கண்ணைக் கட்டி ஹெட்ஃபோனும் மாட்டினால் அனுபவம் பல மடங்கு ஆழமாகும், ஆபத்தும் கூடும், ஏனென்றால் உங்கள் கேள்வி அவருக்குக் கேட்காது. நீங்கள் அவர் கையை இரண்டு முறை அழுத்தினால் அவரும் இரண்டு முறை அழுத்தவேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். பதில் வரவில்லையா, உடனே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வால்யூம் பாதிக்கு மேல் வேண்டாம். ஒயர் உள்ள ஹெட்ஃபோன் கூடவே கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். முதல் சில முறை ஒரு காதை மட்டும் மூடிப் பழகுங்கள்.

கயிறு கட்டுகிறவர்களுக்கு இசை கடிகாரமாகவும் உதவும். டிராக்குகள் ஐந்து நிமிட நீளமாக இருந்தால், டிராக் மாறும்போதெல்லாம் விரல்களைத் தொட்டுப் பார்க்கலாம்: சில்லென்று இருக்கிறதா, அசைகிறதா. மரத்துப்போனது என்று சொன்னால் டிராக் முடியக் காத்திராமல் உடனே அவிழுங்கள். கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

போன்தான் கடைசி எதிரி. ப்ளூடூத் ஸ்பீக்கரில் அம்மாவின் அழைப்பு ஒலித்தால் அந்த இரவு அதோடு சரி. இசையை டவுன்லோட் செய்து ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். விளம்பரத்தோடு வரும் இலவசச் செயலி எதுவும் வேண்டாம். ஸ்பீக்கருக்கு முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்; 'பேட்டரி லோ' என்று அது ஆங்கிலத்தில் அறிவித்தால் மறுபடி சிரிப்புதான்.