பதினோரு வயது மகளுக்கு இன்ஸ்டாகிராம்: பிறந்த வருடத்தை மாற்றிப் போடலாமா? பெற்றோர் சரிபார்ப்புக்கு எந்த ஐடி கொடுப்பது?

கேட்டவர் பெங்களூரு அல்சூரில் இருக்கும் ஒரு அம்மா. மகள் 2015இல் பிறந்தவள், ஆறாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேருக்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறதாம், இவளுக்கு 2012 என்று போட்டுத் திறந்து கொடுக்கலாமா என்கிறார். சிறுவர்களுக்கான சில தளங்கள் பெற்றோரின் ஆதாரைக் கேட்கின்றன, கொடுத்தால் ஆபத்தா என்பது இரண்டாவது கேள்வி.

வருடத்தை மாற்றிப் போடாதீர்கள். கூட்டிப் பார்த்தாலே காரணம் புரியும். 2012 என்று போட்டால் தளத்தின் கண்ணில் அவளுக்கு இன்றைக்கே பதினான்கு. 2028இல் அவளுக்கு உண்மையில் பதின்மூன்று ஆகும்போது தளம் பதினாறு என்று நினைக்கும். இன்ஸ்டாகிராமில் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தானாக வரும் டீன் கணக்கில், பெரும்பாலான பாதுகாப்பு அமைப்புகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்ற பூட்டு பதினாறு வரைதான். அது அவளுடைய பதின்மூன்றாவது வயதிலேயே திறந்துகொள்ளும். 2030இல் அவளுக்குப் பதினைந்து, கணக்குக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து கணக்கை இயல்பாகவே பூட்டிவைப்பது, அறிமுகமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாதபடி தடுப்பது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகளை நிறுத்துவது என எதுவும் தானாக வராது. நீங்களாவது மூன்று வருடம்தான் கூட்டுகிறீர்கள். பிள்ளைகள் தாங்களாகத் திறந்தால் வருடச் சக்கரத்தை ஒரே சுழற்றாகச் சுழற்றி 1998, 2000 என்று எங்காவது நிறுத்துவார்கள், முதல் நாளிலேயே பெரியவர் கணக்கு. பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சமூக வலைதளக் கணக்கு வைத்திருந்த 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கணக்கு வயது பதினெட்டுக்கு மேல் இருந்தது.

இன்னொரு சிக்கல் பின்னால் வரும். கணக்கை யாராவது பறித்துக்கொண்டாலோ, முடங்கிப்போனாலோ, மீட்கும்போது பெயரும் பிறந்த தேதியும் பொருந்தும் ஐடி கேட்கலாம். உங்கள் மகளின் எந்தச் சான்றிலும் 2012 இருக்காது.

பதின்மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றவை சுலபமாகப் புரியும். குழந்தையின் பக்குவத்தை அளந்து யாரும் வைத்த எண் இல்லை அது. 1998இல் அமெரிக்கா இயற்றி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கோப்பா சட்டம், பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடமிருந்து தகவல் வாங்கினால் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றது. ஒப்புதல் வாங்குவது செலவு, தலைவலி. பெரும்பாலான நிறுவனங்கள் 'பதின்மூன்றுக்குக் கீழ் வராதே' என்று ஒரு வரி எழுதிக் கதவைச் சாத்திவிட்டன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிஸ்கார்ட், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் இதே எண் இருப்பது அதனால்தான். ஆமாம், வாட்ஸ்அப்பிலும்தான். டியூஷன் மாஸ்டர் குழுவில் சேர்க்கக் கேட்டால் உங்கள் எண்ணைக் கொடுங்கள். கதவைச் சாத்தியதாகச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்ததற்காக அபராதம் கட்டியவர்களும் உண்டு: 2006இல் ஸாங்கா என்ற வலைப்பதிவுத் தளம் 10 லட்சம் டாலர், 2019இல் மியூசிக்கலி (இப்போதைய டிக்டாக்) 57 லட்சம் டாலர், அதே ஆண்டு கூகுளும் யூடியூபும் சேர்ந்து 17 கோடி டாலர்.

இந்தியாவில் எண் வேறு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் பற்றிய விதி அறிவிக்கையிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். ஆக, தளம் பதின்மூன்றில் உள்ளே விட்டாலும் பதினெட்டு வரை உங்கள் ஒப்புதல் தேவைப்படும். ஒரு நாள் ஓடிபி சொல்லிவிட்டு மறந்துவிடுகிற வேலை இல்லை, இன்னும் ஏழு வருடம் உங்கள் பெயரில் ஓடப்போகிற அனுமதி.

(2023 செப்டம்பரில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனத்தின் மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் சமூக வலைதளங்களுக்கு இருபத்தொன்று என்று ஒரு வயது வரம்பைச் சொன்னதே என்பீர்கள். விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்ன கருத்து அது. அதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவின் கதை வேறு: 2025 டிசம்பர் 10 முதல் அங்கே பதினாறுக்குக் கீழ் கணக்கே கூடாது, பெற்றோர் சம்மதித்தாலும் செல்லாது.)

இனி சரிபார்ப்பு. எந்த முறை எதை நிரூபிக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்த்துவிட்டால் எந்த ஐடி கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெற்றோருக்கு மெயில் அனுப்புவதுதான் மிகப் பலவீனம். பிள்ளை இன்னொரு மெயில் முகவரியைத் திறந்து தானே அம்மாவாகிவிடும். ஓடிபியும் நம் ஊரில் அதே கதிதான். சிம் பதினெட்டு நிறைந்தவர் பெயரில்தான் கிடைக்கும், அதனால் எண் பெரியவருடையது என்பது சரி. ஆனால் போன் யார் கையில் இருக்கிறது? அப்பாவின் பழைய போன், அப்பா பெயரில் சிம், பூட்டு எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றால் ஓடிபி நேராகப் பிள்ளையிடமே வரும்.

அட்டையில் சிறு தொகை எடுத்து, அட்டைக்காரருக்குத் தகவல் அனுப்பும் முறை அமெரிக்கத் தளங்களில் அதிகம். டெபிட் அட்டை வைத்திருப்பவர் பெரியவர் என்ற கணக்கு இந்தியாவில் எடுபடாது. பத்து வயது நிறைந்த பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, வங்கி விரும்பினால் டெபிட் அட்டையும் கொடுக்கலாம். கிரெடிட் அட்டை பரவாயில்லை. ஆனால் பின்னாடியே ஒரு கவலை வரும்: அட்டை விவரம் அந்தத் தளத்தில் சேமிக்கப்பட்டால், அடுத்த மாதம் விளையாட்டுக் காசு வாங்கப் பிள்ளைக்கு வழி திறந்திருக்கும். சரிபார்ப்பு முடிந்ததும் அட்டையை அங்கிருந்து நீக்கிவிடுங்கள்.

செல்ஃபி எடுத்து வயதை மதிப்பிடுவது இப்போது பரவிவருகிறது. இது முகத்தை யாருடையது என்று அடையாளம் காண்பதில்லை, எத்தனை வயது இருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஊகம் சில ஆண்டுகள் பிசகும். முப்பது வயதுக்காரரைப் பெரியவர் என்று சொல்ல அது போதும். பன்னிரண்டா பதின்மூன்றா என்று கேட்டால் திணறும். மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடியோடு எடுத்தால் இன்னும் மோசம். பெற்றோர் பெரியவர்தான் என்று காட்ட இதைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழந்தையின் முகத்தைக் கேட்டால் மட்டும் படம் எங்கே போகிறது, எப்போது அழிகிறது என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக அரசு ஐடி. இந்திய விதி மூன்று வழி சொல்கிறது: நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் நம்பகமான அடையாள, வயது விவரம், நீங்களாகத் தரும் விவரம், அல்லது டிஜிலாக்கர் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாக வரும் மெய்நிகர் டோக்கன், அதாவது உங்கள் அடையாளத்தையும் வயதையும் உறுதிசெய்யும் ஒரு குறியீடு. டோக்கன் வழி கண்ணில் பட்டால் அதையே தேர்ந்தெடுங்கள், சான்றின் நகல் தளத்தின் கையில் போய்ச் சேராது. நகல்தான் வேண்டும் என்றால் மாஸ்க்டு ஆதார் போதும். ஆதார் வழங்கும் ஆணையமான யுஐடிஏஐயின் தளத்திலேயே இறக்கலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். நகலின் குறுக்கே எந்தத் தளத்துக்கு, எந்தத் தேதியில், எதற்காக என்று எழுதுங்கள். முகத்தையும் பிறந்த தேதியையும் எழுத்து மறைத்தால் நிராகரித்துவிடுவார்கள், அதனால் ஓரமாக எழுதுங்கள். படத்தைச் செயலிக்குள்ளேயே பதிவேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலோ, போனில் கூப்பிட்டு ஆதார் ஓடிபியைக் கேட்டாலோ அது மோசடி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடை எண்ணுக்கு ஆதாரை அனுப்பி பிரின்ட் எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், கோப்பு அந்தக் கடைக் கணினியிலேயே கிடக்கும். குழந்தையின் ஆதாரைப் பெற்றோர் ஒப்புதலுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, சரிபார்ப்பது உங்களைத்தான்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது, பலரும் கவனிப்பதில்லை. தளம் உறுதிசெய்வது, பெற்றோர் என்று சொல்லிக்கொள்பவர் அடையாளம் காணத்தக்க ஒரு பெரியவர் என்பதைத்தான். அவர்தான் உங்கள் மகளின் அம்மாவா என்பது வேறு கேள்வி. பத்தொன்பது வயது அத்தை மகனும் 'பெற்றோர்' ஆகிவிட முடியும். ஆகவே வீட்டில் ஒப்புதல் கொடுப்பவர் ஒருவர்தான் என்று முடிவு செய்து, ஊரில் இருக்கும் பாட்டி உட்பட எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். இதற்கென்றே ஒரு மெயில் முகவரி வைத்து, அதை மகள் தொடும் போனிலோ டேப்லெட்டிலோ லாகின் செய்யாமல் வையுங்கள். எல்லா ஒப்புதல் மெயிலும் ஒரே இடத்தில் கிடந்தால், பின்னாளில் எதற்கெல்லாம் சரி சொன்னோம் என்று தெரியும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

சிறுவர் தளம் ஒன்று நம்பகமானதா என்று பார்க்க ஐந்து நிமிடச் சோதனை போதும். மகளைச் சேர்ப்பதற்கு முன் நீங்களே போலிப் பெயரில் திறந்து, பிறந்த வருடம் 2016 என்று கொடுங்கள். 'குறைந்தது 13 வயது வேண்டும்' என்று தளமே சொல்லிக்கொடுத்து, பின் பொத்தானை அழுத்தி 2010 என்று மாற்றினால் உள்ளே விடுகிறதா? அப்படியென்றால் அங்கே வயது வரம்பு பெயருக்குத்தான். ஒழுங்கான தளம் வரம்பு என்னவென்று முன்கூட்டிக் காட்டாது, முதலில் கொடுத்த தேதியை நினைவில் வைத்து மறுமுயற்சியைத் தடுக்கும். அடுத்து, உங்கள் ஒப்புதல் வருவதற்கு முன்பே குழந்தையின் படம், பள்ளிப் பெயர், இருப்பிடம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வேண்டாம். ஒப்புதல் கொடுத்த பிறகு நண்பர்களைச் சேர்ப்பது யார் கையில் இருக்கிறது என்பதுதான் மூன்றாவது. ஃபேஸ்புக்கின் சிறுவர் அரட்டைச் செயலியான மெசஞ்சர் கிட்ஸில் பெற்றோரின் ஃபேஸ்புக் கணக்கு வழியாகத்தான் நுழைவு, ஒவ்வொரு தொடர்பையும் பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தும் 2019இல் குழு அரட்டையில் ஒரு பிழை வெளிப்பட்டது: ஒரு குழந்தையின் பெற்றோர் ஒப்புக்கொண்டவர், அவர்கள் ஒப்புக்கொள்ளாத மற்ற குழந்தைகளோடும் அதே குழுவில் பேச முடிந்தது. நுழைவாசல் சரியாக இருந்து குழு அரட்டையில் ஒழுகுவது இந்தத் துறையில் வழக்கமான கோளாறு, அங்கே கண் வையுங்கள்.

பதின்மூன்று வரை போனையே கட்டுப்பாட்டில் வைப்பது மேல். ஆண்ட்ராய்டில் உண்மையான பிறந்த தேதியோடு குழந்தைக் கணக்கு திறந்து, கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க்கில் சேருங்கள், புதுச் செயலி ஒவ்வொன்றுக்கும் உங்கள் போனில் அனுமதி கேட்கும். ஐபோனில் இதே வேலைக்கு ஃபேமிலி ஷேரிங், ஸ்கிரீன் டைம். செயலிக் கடையில் 12+ என்று போட்டிருந்தாலும் அது உள்ளடக்கத் தரம்தான், கணக்கு வைக்கும் வயது அந்தத் தளத்தின் விதிமுறையில் இருக்கும். பதின்மூன்றானதும் இன்ஸ்டாகிராம் கொடுத்தால் அன்றே உங்கள் கணக்கிலிருந்து மேற்பார்வை அழைப்பு அனுப்புங்கள். எவ்வளவு நேரம் செலவழிக்கிறாள், கடந்த ஏழு நாளில் யாரோடு பேசினாள் என்பது தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. என் கருத்தில் அந்த அளவு போதும்.

உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால், வயதை உண்மைக்கு மாற்றினால் பதின்மூன்றுக்குக் கீழ் என்று முடக்கிவிடுவார்கள். படங்களை முதலில் இறக்கிவைத்துக்கொண்டு கணக்கை நீங்களே அழித்துவிடுவது நல்லது. யாராவது தொல்லை கொடுத்திருந்தால் மட்டும் அழிக்கும் முன் அந்த அரட்டைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ சைபர் குற்றப் புகார்த் தளத்துக்கோ போங்கள், அழித்த பிறகு ஆதாரம் இருக்காது. அழிக்கச் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் லாகின் செய்து அதை ரத்து செய்ய முடியும், அதனால் பாஸ்வேர்டையும் மீட்பு மெயிலையும் மாற்றிவிட்டுப் பிறகு அழியுங்கள்.