முன்கையில் விழும் அடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் பக்கம் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டையை விட்டபோது முனைகளில் சக்கரம் வைத்த தன் காம்பவுண்ட் வில்லை எனக்குக் கொடுத்துவிட்டார். 2004 மாடல், நாணை இழுக்கும் தூரம் 29 இன்ச். இழுவிசையை 60 பவுண்டில் வைத்திருக்கிறேன். அவர் தந்த அதே நாண்தான் இன்னும். என் உயரம் 5 அடி 7 இன்ச். நாண் அவ்வப்போது முன்கையில் அடிக்கிறது, நாணில் குறிபார்க்க வைத்த சிறு வளையம், பீப், சில நேரம் திரும்பிக்கொள்கிறது. மற்றபடி குறை இல்லை. கடையில், ‘இது நொடிக்கு 300 அடி வேகம்தான், இப்போது வருபவை 340, மான் சுதாரிப்பதற்குள் அம்பு போய்விடும்’ என்கிறார்கள். பெரியவர் தந்ததை மாற்ற மனம் வரவில்லை. வில் நம் மரபும்கூட. மகனுக்கு வல்வில் ஓரி கதை சொல்கிறேன். நான் வேட்டைக்குப் போவதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. பழையதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேட்டை வில்லைப் பற்றி யார் பேசினாலும் வேகத்தில் ஆரம்பித்து வேகத்திலேயே முடிப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

அம்மா விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஓரியையும் விட்டுவிடுங்கள். உங்கள் கையில் இருப்பது மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்தது. அதற்குக் கொல்லிமலையில் வேர் தேட வேண்டாம்.

கடைக்காரர் சொன்ன 340 பொய்யில்லை. ஆனால் அது 70 பவுண்ட் இழுவிசை, 30 இன்ச் டிரா லெங்த் (நாணை இழுக்கும் தூரம்), 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்று வைத்து அளந்த எண். டிரா லெங்தில் ஒரு இன்ச் குறைந்தால் சுமார் 10 அடி வேகம் போகும். ஒரு பவுண்டுக்கு 2 அடி. அம்பில் 3 கிரெய்ன் கூடினால் 1 அடி. உங்களுக்கு 27 இன்ச், 60 பவுண்ட், வேட்டைக்கு 420 கிரெய்ன் அம்பு என்று வையுங்கள்: 30, 20, 23, ஆக 73 அடி கழியும். புது வில் 267, பழையது 227. அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுத்தால் பழையதில் 48 அடி-பவுண்ட் ஆற்றல் வருகிறது. மானுக்கு, அம்பு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை கேட்பது 25 முதல் 41 வரைதான். சரி, மான் சுதாரிப்பது? 20 கஜத்தைக் கடக்கப் பழைய வில்லின் அம்புக்கு 0.26 நொடி, புதியதற்கு 0.22. நாணின் சத்தமோ 0.05 நொடியில் அங்கே போய்விடும். இரண்டுமே சத்தத்தை முந்தப்போவதில்லை. அந்த 0.04 நொடிக்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. முன்கையில் நாண் அடிப்பதைச் சொல்லிவிட்டு ‘மற்றபடி குறை இல்லை’ என்கிறீர்களே, அதுதான் குறை! இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை இன்ச்சில் அளந்து 2.5ஆல் வகுங்கள். உங்கள் உயரத்துக்கு 67 அல்லது 68 வரும். டிரா லெங்த் 27. நீங்கள் இழுப்பது 29. அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறீர்கள். இரண்டு இன்ச் அதிகமானால் என்ன ஆகும் தெரியுமா? வில்லைப் பிடிக்கும் கை முழங்கையில் பூட்டிக்கொள்ளும், முன்கை உள்பக்கம் திரும்பி நாணின் பாதைக்கு வரும். தலை பின்னால் சாயும், உடம்பும் கூடச் சாயும். நாண் மூக்கு நுனியைத் தொடாமல் கன்னத்தில் எங்கோ கிடக்கும். அக்டோபர், நவம்பர் குளிரில் தடித்த ஜாக்கெட் போட்டால் அடி தோலில் விழாது, சட்டைக் கையில் விழும். வலிக்காததால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அம்பு மட்டும் விலகும். நெஞ்சுக்கு வைத்த அம்பு வயிற்றில் படுவது இப்படித்தான். அப்புறம் இரவெல்லாம் ரத்தத் தடம் தேட வேண்டியதுதான்.

ஆகவே கடைக்கு எடுத்துப் போய்க் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தக் கேமில், அதாவது வில் முனைச் சக்கரத்தில், டிரா லெங்தை மாற்ற முடியுமா? சில கேம்களில் மாட்யூல் என்னும் துண்டைக் கழற்றி வேறு போடலாம்; சிலவற்றில் மாட்யூலையே சுழற்றி வைக்கலாம். சிலவற்றில் நாண் மாட்டும் முளைகள் மூன்று இருக்கும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அரை இன்ச். வேறு சிலவற்றில் ஒரு நீளத்துக்கு ஒரு கேம், அவ்வளவுதான். 2004 வில்லுக்கு 27 இன்ச் கேம் கிடைப்பது கஷ்டம். நாணை முறுக்கி இரண்டு இன்ச் திருடிவிடலாம் என்று யாராவது சொன்னால் உங்கள் வில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கேம்கள் சுழலும் டைமிங் கெட்டுப்போகும், இழுவிசையும் மாறும்.

மாற்ற முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாணும், கேம்களை இணைக்கும் கேபிளும் ஒரு செட்டாகப் புதிது. பீப் திரும்புவது, இழை நீண்டு தளர்ந்துவிட்டதற்கு அடையாளம். மூன்று வருடத்துக்கு மேல் எந்த நாணும் வேண்டாம், நீங்கள் பெரியவரின் கை ரேகையைப் போல அதைப் பாதுகாக்கிறீர்கள்! வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் வீட்டில் கழற்ற முயலக்கூடாது. புது நாண் படிய நூறு அம்பாவது விட வேண்டும், அதன் பிறகே குறிபார்க்கும் சைட்டைத் திருத்த வேண்டும். அக்டோபர் 1இல் பருவம் தொடங்கும் ஊரில் செப்டம்பர் கடைசியில் நாண் மாற்றுவது மடத்தனம். ஆறடி தள்ளிக் காகிதத்தை மாட்டி அதில் அம்பைச் செலுத்திப் பாருங்கள். வால் பக்கம் மேலே கிழிந்தால் அம்பு தங்கும் ரெஸ்டை மயிரிழை உயர்த்துங்கள், அல்லது நாணில் அம்பு மாட்டும் நாக் புள்ளியை இறக்குங்கள்.

மாற்ற முடியாதென்றால் வாங்கத்தான் வேண்டும், பெரியவர் தந்தது என்பதற்காக மான் வயிற்றில் அம்போடு ஓட வேண்டியதில்லை. அப்போதும் 340ஐப் பார்க்காதீர்கள். ஆலன் கீயால் அரை அரை இன்ச்சாக மாற்றும் மாட்யூல் இருக்கிறதா, லெட்-ஆஃப், அதாவது முழுதாக இழுத்தபின் குறையும் பளு, எவ்வளவு என்று பாருங்கள். 65 சதவீத லெட்-ஆஃபில் 60 பவுண்ட் வில்லை முழுதாக இழுத்தபின் 21 பவுண்டைத் தாங்கி நிற்க வேண்டும். 85இல் 9 பவுண்ட் போதும். மான் மரத்துக்குப் பின்னால் நின்று யோசிக்கும் நேரத்தில் புது வில்லின் உண்மையான லாபம் அதுதான். பருவம் முடிந்து ஜனவரியில் போன வருட மாடலாக வாங்குங்கள்.

இரண்டில் எதுவானாலும், இன்றைக்கே ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் வளையும் கைகளான லிம்ப்களின் ஓரம் முழுக்கத் தடவுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே ஃபைபர்கிளாஸ் பிளந்திருக்கிறது. அந்த வில்லை இனி ஒரு முறைகூட இழுக்கக்கூடாது. நினைவுக்காகச் சுவரில் மாட்டுவதென்றால், கடையில் கொடுத்து நாணைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். ஓரி கதை கேட்ட பையன் நாற்காலி போட்டு ஏறி எடுத்து, அம்பில்லாமல் இழுத்து விட்டுப் பார்ப்பான்.