பேப்பரில் நம்மவர்: கேள்வி பதில்

பட்டர்வொர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஐயா, ஆங்கில, மலாய்ப் பேப்பர்களில் நம் மலேசிய இந்தியர் என்றாலே கைது, கோர்ட், இல்லாவிட்டால் தைப்பூசம், தீபாவளி. வேண்டுமென்றே செய்கிறார்களா?

சில நேரம் அதுவும் உண்டுதான் டீச்சர். ஆனால் முதலில் செய்தி எந்த வாசல் வழியாக வருகிறது என்று பாருங்கள். போலீஸ் அறிக்கை, கோர்ட், தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா, அமைச்சர் நிகழ்ச்சி ஆகியவற்றில் ஆதாரத்தோடு தினமும் செய்தி கிடைக்கும், அதிகச் செலவும் இல்லை. தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்தின் வீட்டுப் பிரச்சினையை எழுத ஒரு நிருபரை மூன்று நாள் ஒதுக்க வேண்டும். ஆள் குறைந்த அலுவலகத்தில் முதலில் அடிபடுவது இந்த மாதிரி வேலைதான்.

போலீஸ் 'இந்திய ஆடவர்' என்றால் அதுவே அச்சாகிறது. ஆளைத் தேடும்போது அந்த அடையாளம் தேவைப்படலாம். பிடிபட்ட பிறகு எதற்கு? பத்திரிகை ஆசிரியர் இனக் குறிப்பை வெட்டினாலும், பெயரோடு வரும் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) காட்டிக்கொடுத்துவிடும். அதே பக்கத்தில் கருத்துச் சொல்லும் நம்ம டாக்டரோ வெறும் 'நிபுணர்'. கெட்டதில் இனம் தெரிகிறது, நல்லதில் மறைந்துவிடுகிறது.

பினாங்கு பல்கலைக்கழக மாணவர்: சார், இதை ஆய்வாக அளப்பது எப்படி?

ஒரே மாதத்துப் பேப்பரை எடுக்காதீர்கள். அது தைப்பூச மாதமாக அமைந்தால் கணக்கே கோணும். ஆண்டின் எல்லாத் திங்கட்கிழமைகளிலிருந்தும் குலுக்கலில் இரண்டு, செவ்வாய்க்கிழமைகளிலிருந்து இரண்டு என ஞாயிறு வரை எடுங்கள். 14 இதழ்கள் சேரும்; ஒரு நாளிதழின் ஓராண்டுக்கு இது போதும். பேப்பர் வராத விடுமுறை நாள் விழுந்தால் மறுபடி குலுக்குங்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் பக்க எண், சதுர சென்டிமீட்டர் பரப்பு, படம் உண்டா என்று குறியுங்கள். அதைவிட முக்கியம், செய்தியில் அவருக்கு என்ன வேடம் என்பது: குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவர், உதவி பெறுபவர், மேற்கோளுக்குரியவர். 'உதவி பெறுபவர்' வகையைத் தவறவிடாதீர்கள் தம்பி. ஒய்பி (மக்கள் பிரதிநிதி) கையால் அரிசி மூட்டை வாங்கும் படம் நல்ல செய்தியாகவே எண்ணப்படும். ஆனால் அதில் பேசுவது ஒய்பி மட்டும்தான்.

பத்தில் ஒரு பங்கை இன்னொருவரும் தனியாகக் குறிக்கட்டும். இருவர் கணக்கும் ஒத்துவராவிட்டால் வகைப்பாட்டைத் திருத்துங்கள். பெயரை வைத்து இனம் பிரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: தமிழ் முஸ்லிம் பெயர் மலாய்க்காரர் கணக்கில் போய்விடும். 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு, பினாங்கில் இதைவிடக் கூடுதல். வட்டாரப் பக்கத்தை நாட்டு அளவோடு ஒப்பிடாதீர்கள்.

செந்தூல் ஆலயச் செயலாளர்: அண்ணே, செய்தி அனுப்பினால் போடுவதில்லை. போட்டாலும் படத்தில் முகமே தெரியவில்லை!

பேப்பரில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். விளம்பரம் முதலில் உட்காரும், மிச்ச இடம்தான் செய்திக்கு. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைச் செவ்வாய்க்கிழமை அனுப்பினால் குப்பைக்குத்தான். அன்றே மாலைக்குள், ஒரு பக்கத்துக்கு மிகாமல், முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது என்று எழுதுங்கள். பிரமுகர் பட்டியல் கடைசியில் இருக்கட்டும், வெட்டினாலும் செய்தி நிற்கும்.

முகம் கறுப்பதற்குக் காரணம் தாள். மைப்புள்ளி செய்தித்தாளில் பரவும்; 50 விழுக்காடு அடர்த்தி அச்சில் ஏறக்குறைய 76 ஆகிவிடுகிறது. வெள்ளைப் பேனர் முன்னால் நிறுத்திப் படமெடுத்தால் கேமராவே முகத்தை இருட்டாக்கும், மிச்சத்தை மை பார்த்துக்கொள்ளும். நம் நிறத்துக்கு இது இரட்டை அடி. வெளிச்சம் முகத்தில் விழ நிறுத்துங்கள், மூன்று நான்கு பேர் போதும். படம் 10 சென்டிமீட்டர் அகலத்தில் வர ஏறக்குறைய 1,200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள்.

கிள்ளான் வாசகர்: பேப்பர் நடத்தும் உரிமம் யார் கையில்?

உள்துறை அமைச்சின் கையில். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சுப் பேப்பருக்கு அனுமதி தேவை. 1987 ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையின்போது ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்றும் அதை இழந்தன. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டாயம் 2012 திருத்தத்தில் போனது. வெறும் இணையச் செய்தித்தளத்துக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் உரிமம் இருந்தால் மட்டும் பேப்பர் ஓடாது: 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது.

பிறை சங்கப் பொறுப்பாளர்: ஒரு கட்டுரை நம் இனத்தையே இழிவுபடுத்தியது. அவதூறு வழக்குப் போடலாமா?

கஷ்டம். 1944இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வகுத்த விதி இங்கும் வழிகாட்டுகிறது: எழுதியது இன்னாரைக் குறிக்கிறது என்று காட்ட வேண்டும். பெரிய கூட்டத்தைப் பொதுவாகச் சொன்னால் தனியாள் வழக்கு பெரும்பாலும் நிற்காது. வக்கீலுக்குச் செலவழிக்கும் முன், முழுப் பக்கத்தையும் தேதி, பக்க எண், பதிப்பு தெரிய எடுத்து வையுங்கள். இணையத்தில் வந்ததென்றால் உடனே திரைப்பிடிப்பு எடுங்கள், சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். பிறகு ஆசிரியருக்குக் கடிதம்: தவறான வரி எது, சரியான தகவல் எது, அதே பக்கத்தில் திருத்தம் வேண்டும். இந்த மூன்றும் போதும். நாற்பது கையெழுத்தோடு கோபமாக எழுதினால் அது வாசகர் கடிதப் பகுதிக்குப் போய்விடும், திருத்தம் வராது.