கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் காணாமல் போகிறதே!

கேள்வி: வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் கீழே, வைஃபை பிரிண்டர் மாடியில். கரண்ட் போய் வந்தாலே 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் ஓடுகிறது, அடுத்த கரண்ட் கட் வரைக்கும். பார்க்க வந்தவர் பிரிண்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா ஐயா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. போர்டு போயிருந்தால் டிரைவர் போட்டதும் எப்படி ஓடும்?

வீட்டில் வைஃபையில் சேரும் ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் ஐபி முகவரி என்று ஓர் அடையாள எண் தருகிறது. கரண்ட் போனால் எந்த எண்ணை யாருக்குத் தந்தோம் என்பதைப் பல வீட்டு ரூட்டர்கள் மறந்துவிடும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். 192.168.1.4 என்று இருந்த பிரிண்டர், ஒரு மழை நாள் கரண்ட் கட்டுக்குப் பிறகு 192.168.1.7 ஆகிவிட்டது. பழைய 4 என் மகளின் செல்ஃபோனுக்குப் போயிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் விடாமல் 4-லேயே பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது. நீங்கள் டிரைவரை மறுபடி போடும்போது கம்ப்யூட்டர் புது எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை நின்றால் டிரைவரைத் தொடாதீர்கள். பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரத் தாள் ஒன்றை எடுங்கள். செட்டிங்ஸ் மெனுவில் இருக்கும், திரை இல்லாத பிரிண்டரில் எந்த பட்டனை அழுத்துவது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸுக்குள் 'போர்ட்ஸ்' பக்கத்தில் உள்ள எண்ணையும் தாளில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறு வேறாக இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

இனி எண் மாறாமல் கட்டிப்போட வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போங்கள். இந்த எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ அதைப்போல வேறு பெயரிலோ ஓர் இடம் இருக்கும். அங்கே பிரிண்டரின் மேக் அட்ரஸையும் (கருவிக்கென்றே உள்ள அடையாளக் குறியீடு, அந்தத் தாளில் இருக்கும்) நிரந்தரமாக வேண்டிய எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில பிரிண்டர்களின் தாளில் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு மேக் அட்ரஸ் இருக்கும். வைஃபைக்கு உரியதைத்தான் எழுத வேண்டும். நான் மாற்றி எழுதிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தேன். பதிந்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். கம்ப்யூட்டரில் அதே 'போர்ட்ஸ்' பக்கத்தில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' சேர்த்து அதே எண்ணைக் கொடுங்கள். டிரைவர் போட்டுப் போட்டு 'காப்பி 1', 'காப்பி 2' என்று பட்டியலில் சேர்ந்திருப்பவற்றை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் வினாத்தாள் அங்கே போய் மாட்டிக்கொள்ளும்.

தாளில் எண் 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரூட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை. ரூட்டர் முழுதாக எழுந்து விளக்குகள் நிலைத்த பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், 5-இல் சேராது, அதையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால் அந்தத் தாளையும் 'போர்ட்ஸ்' பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை போர்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.